ஃபிளாப்பி டிரைவரை என்ன செய்வது?

என் மேசை இழுப்பறையில், பழைய நெகிழ்வட்டுகளைப் படிக்கும் ஒரு ஃபிளாப்பி டிரைவ் கிடக்கிறது. போன வாரம் இணைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, இரண்டு முறை கரகரத்தது, பிறகு பிழைச் செய்தி. கெட்டது வட்டா, டிரைவா, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலா என்று இன்னும் தெரியவில்லை.

கருவிகளைக் கெர்னல் இயக்க உதவும் பழைய டிரைவர் நிரல்களை வைத்துக்கொள்வதா, நீக்குவதா? அவற்றின் தலைவலியே இதுதான். லினக்ஸ் கெர்னலின் உள்ளமைப்பு ஓயாமல் மாறும். ஒரு ஃபங்ஷன் மாறினால் அதை அழைக்கும் டிரைவர்களையெல்லாம் திருத்தியாக வேண்டும். திருத்துபவரிடம் பெரும்பாலும் அந்தக் கருவி இருக்காது. கம்பைல் ஆனதா, சாமி புண்ணியம் என்று அனுப்பிவிடுவார். 2019இல் ஃபிளாப்பி டிரைவரின் பராமரிப்பாளரிடமே ஓடுகிற டிரைவ் இல்லாமல் போனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த டிரைவரை 'அநாதை', அதாவது பராமரிக்க ஆளில்லாதது, என்று குறித்தார். நீக்கவில்லை. மென்பொருளிலேயே ஓடும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு அது தேவைப்பட்டது. பிறகு வேறொருவர் பொறுப்பேற்றார். இன்டெலின் பழைய 80386 சில்லுக்கு அந்த யோகம் இல்லை. 2012இல் ஆதரவைத் தூக்கிவிட்டார்கள்.

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் பொருட்டல்ல. உண்மையான கருவியில் சோதிக்க ஒரே ஒருவர் இருந்தாலும் டிரைவரைக் கெர்னலில் வைத்திருக்கலாம். இல்லையென்றால் எடுத்துவிடலாம், நிரலின் பழைய வடிவங்களைச் சேமிக்கும் கிட்டில் அது பத்திரமாக இருக்கும். அந்த ஒருவர் நான்தான் என்று எழுத உட்கார்ந்தேன். என்னிடம் நல்ல வட்டு ஒன்றுகூட இல்லை.