லயத்துக்குள் ஓர் ஆவணகம்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழரின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் தோட்டத் துரைமாரின் பங்களா ஒன்றில் அமையாமல், தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளான லயத்திலேயே அமைந்திருப்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம், கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருந்த பழைய லயன் அறைகளைச் சீரமைத்து, 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் ஆவணகத்தையும் அங்கே நிறுவியது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவான ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று, நோயுற்றுக் கிடந்த வாழ்வை அந்த அளவின் உள்ளே நின்றால்தான் உணர முடியும்.

தொழிற்கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் நகைகளும் வாத்தியங்களும்தான் பார்க்க வருபவர்களின் கண்ணில் முதலில் படுகின்றன. கொழுந்துக் கூடையைக் காணும்போதெல்லாம் எனக்கு அம்மாயியின் உச்சந்தலை நினைவுக்கு வரும். கூடைக் கயிறு அழுந்திய இடத்தில் அவருக்கு முடி வளரவே இல்லை. ஆனால் நான் இங்கே வலியுறுத்த விரும்புவது காட்சிப் பொருள்களைவிட எளிதில் அழியக்கூடிய, பலரும் குப்பை என்று எண்ணி அடுப்பில் போட்டுவிடுகிற காகிதங்களைப் பற்றியது. காகிதம் இல்லை என்ற காரணத்தாலேயே நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் நாங்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவர் தாம் பிறந்ததை மட்டுமன்றித் தம் முன்னோர் இலங்கையில் பிறந்ததையும் நிரூபிக்கக் கோரியது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத தோட்டங்களில், தந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்பு மணமானவர்கள் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர்கள் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருப்பதைக் காட்ட வேண்டும் என்றது. தலைமுறை தலைமுறையாக அதே மலையில் வேலை செய்தவர்கள், தாங்கள் அங்கே இருந்ததைக் காட்டத் தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலையும் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தையும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதிவுகளோ தோட்ட நிர்வாகத்தின் வசம் இருந்தன.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பாவின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக் குறைந்திருக்கிறது. பாடசாலை விடுகைப் பத்திரத்தில் தந்தையின் பெயர் முன்னால் வந்துவிட்டது. தோட்டத்துச் சீட்டிலோ ஆங்கிலத்தில் கேட்டபடி எழுதிய உருவம் இருக்கிறது. அலுவலகங்களின் படியேறும்போது இந்த முரண்பாடு பெரும் துன்பம். ஆனால் ஆவணகத்துக்கு இதுவே செல்வம். மூன்றையும் திருத்தாமல் உள்ளபடியே பட்டியலிட்டு, மூன்றும் ஒரே மனிதரைக் குறிப்பவை என்று இணைத்துக் காட்டினால், எழுதியவரின் அலட்சியம் ஒரு குடும்பத்தின் உரிமையை எப்படித் தொட்டது என்பதை நாளைய ஆய்வாளர் அறிந்துகொள்வார்.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்தக் காகிதங்களையும் இரண்டாகப் பிரித்தது. நாடற்றிருந்தோரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக அதில் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அண்ணன் கப்பலேறித் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் போக, தம்பி தோட்டத்திலேயே தங்கிய குடும்பங்கள் பல. போனவர்கள் எடுத்துச் சென்ற குடும்ப அட்டைகளும் புகைப்படங்களும் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கின்றன. அவர்கள் எழுதிய கடிதங்கள் இங்கே இருக்கின்றன. ஆகவே நீலகிரிப் பக்கத்திலிருந்தும் பிரதிகளைத் திரட்டாத வரை எங்கள் ஆவணகம் பாதியளவு மட்டுமே நிறைந்ததாக இருக்கும்.

மலைநாட்டின் ஈரம் காகிதத்துக்குப் பெரும் பகை. பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் தின்று தீர்க்கும் முன்பே, பாதுகாக்கும் நல்லெண்ணத்தோடு பலர் பழைய பத்திரங்களை லாமினேட் செய்துவிடுகிறார்கள். வெப்பத்தால் ஒட்டப்பட்ட அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது மிகக் கடினம் என்பதால், அதைச் செய்ய வேண்டாம் என்று எல்லோரையும் கெஞ்சிக் கேட்கிறேன். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றிவிட்டு, தாளை நன்கு உலர்ந்த உறையில் வைத்தாலே பெரும்பாலும் போதும். புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், இருப்பவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவான டிவிஷனையும் எழுதிவைப்பது அவசியம். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பிரதி எடுத்துவைப்பதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு மீரியபெத்தை ஒன்றே போதும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மண் சரிந்தபோது லயங்கள் மனிதர்களோடு சேர்ந்து புதைந்தன. உயிர் தப்பியவர்களுக்கு இறந்தவரின் ஒரு படம்கூட மிஞ்சாத நிலை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் எவரும் படிக்கத் தந்துவருவதால், பிரதி எடுத்து வேறோர் இடத்தில் சேமிப்பது கைக்கெட்டாத காரியமன்று.

2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, முன்னோர் நடந்த பாதையைப் பற்றிப் பலரும் பேசினார்கள். அந்த ஆர்வம் இப்போது வீட்டுப் பெட்டிகளின் பக்கம் திரும்ப வேண்டும். குறிப்பாக, தொழிற்சங்கக் கிளைகளின் கூட்டக் குறிப்பேடுகளை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டது வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டது. அந்தக் காலத்துத் தோட்டக் கமிட்டிகள், தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் எதைப் பேசின, யார் எவ்வளவு சந்தா கொடுத்தார்கள், எந்தப் பெண் எழுந்து கேள்வி கேட்டாள் என்பவையோ இத்தகைய குறிப்பேட்டுக் கொப்பிகளில்தான் கிடைக்கும். தாத்தாவோ மாமாவோ தோட்டத் தலைவராக இருந்த குடும்பத்தினர் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, யாருடைய கொப்பி, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற விவரத்தோடு ஆவணகத்தில் சேர்த்துவிட்டால் போதுமானது.