தகட்டில் வந்து குடியேறியவை: இதுவரை பார்த்தது

கடலுக்குள் வைத்திருக்கும் வெப்பநிலை பதிவுக் கருவியில் என்னென்ன உயிர்கள் ஒட்டுகின்றன என்று பார்க்கும் வேலை இப்போது சூடுபிடித்திருக்கிறது. கருவியை அடிக்கடி வெளியே எடுத்தால் பதிவு கெடும், அதனால் அதே கயிற்றில் அக்ரிலிக் தகடுகளையும் கட்டி விட்டேன். கருவியின் மேல் என்ன வளர்கிறதோ ஏறக்குறைய அதுவேதான் தகட்டிலும் வளர்கிறது, கழற்றிக் கடல்நீர்த் தட்டில் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதும் சுலபம்.

முதலில் வருவது வழுவழுப்பு. பாக்டீரியா, அப்புறம் பழுப்பு நிறத்தில் டயாட்டம்கள் என்ற நுண்பாசிகள். விரலால் தொட்டாலே தெரியும்.

பாறையிலும் படகிலும் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வாழும் கொட்டலசின் சைப்ரிட் லார்வா (ஒட்டுவதற்கு முந்தைய கடைசி இளம்பருவம்) இடம் தேடுவதை இந்த முறை கண்ணால் பார்த்துவிட்டேன்! அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், முன்னால் இருக்கும் இரண்டு உணர்கொம்புகளையும் மாற்றி மாற்றி ஊன்றி நடக்கிறது, நிற்கிறது, திரும்புகிறது, பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போய்விடுகிறது. இந்தப் பருவத்தில் அது எதுவும் தின்பதில்லை, உடம்பில் இருக்கும் கொழுப்பு தீர்வதற்குள் இடத்தை முடிவுசெய்தாக வேண்டும், ஒருமுறை ஒட்டினால் ஆயுள் முழுக்க அங்கேதான். தகட்டில் ஏற்கெனவே பெரிய கொட்டலசுகள் இருந்த மூலையில்தான் புதியவை நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. பெரியவை விட்டுவைக்கும் புரதத்தை லார்வா உணர்ந்துகொள்கிறது, நகர முடியாத உயிருக்கு இனப்பெருக்கத்துக்குப் பக்கத்தில் துணை வேண்டுமே. அதனால் அந்தப் புரதம் மிஞ்சாமல் இருக்க, கருவியைச் சுத்தம் செய்யும்போது ஓட்டின் அடித்தட்டு வரைக்கும் சுரண்டி எடுப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

படுக்கை வாக்கில் கட்டிய தகட்டில் வெளிச்சம் படும் மேல்பக்கம் பாசி, நிழலான அடிப்பக்கம் முழுக்க விலங்குகள். குழாய்ப்புழுக்களின் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள், வலைப்பின்னல் போலப் பரவும் பிரையோசோவா என்ற நுண்விலங்குகளின் கூட்டங்கள், பை போன்ற உடம்புள்ள கடல் பீச்சிகள் எல்லாம் அங்கேதான். கருவியின் உணரி கீழ்நோக்கி இருப்பதால் எனக்கு இது முக்கியம், அதன் மேல் ஓடு படிந்துவிட்டால் வெப்பநிலை மாற்றம் தாமதமாகத்தான் பதிவாகும்.

எது உயிர்களை ஒட்டவிடாமல் தடுக்கிறது என்று பார்க்க, அடுத்து ஒரு தகட்டில் செம்பு நாடா, இன்னொன்றில் சிலிகோன் பூச்சு, மூன்றாவது வெறுமனே. செம்பிலிருந்து கரையும் அயனிகள் லார்வாக்களுக்கு நஞ்சு. சிலிகோன் யாரையும் கொல்லாது, பிடிமானம் தராது, அவ்வளவுதான். என் கருவியின் உறை பிளாஸ்டிக் என்பதால் செம்பு நாடா சுற்றலாம், அலுமினிய உறை வைத்திருப்பவர்கள் நேரடியாகச் சுற்ற வேண்டாம், செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் கடல்நீரில் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். மூன்றையும் ஒரே ஆழத்தில், கீழ்நோக்கித்தான் கட்டப்போகிறேன்.