18,714 வரைக்கும்

நவம்பர் 19, 2023, ஞாயிறு

கரண்ட் மீட்டர் 18,592. அக்டோபர் 6-ல் கணக்கெடுத்தபோது 18,214. நாற்பத்து நாலு நாளில் 378 ஓடியிருக்கிறது. டிசம்பர் 6 வரைக்கும் 18,714-ஐத் தாண்டக் கூடாது. மிச்சம் 122, நாள் 17. தினமும் ஏழு. இதுவரை எட்டரைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் பில் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒற்றை யூனிட் 233 ரூபாய். முதல் நூறு எல்லோருக்கும் இலவசம், அதில் வம்பில்லை. அடுத்த நூறுதான் சூட்சுமம். 500-க்குள் நிற்பவருக்கு யூனிட் இரண்டேகால் ரூபாய், தாண்டினவருக்கு அதே நூறு நாலரை. 225 அங்கே போகிறது, 501-வது யூனிட்டுக்கு எட்டு ரூபாய். 233-க்கு ஆவின் நீலப் பாக்கெட் பதினொன்று வாங்கினாலும் 13 ரூபாய் சில்லறை மிஞ்சும்.

என் கணவர் காத்திருக்கும் அழைப்பு இன்னும் வரவில்லை.

நவம்பர் 20

18,600. எட்டு! அயர்ன் பாக்ஸ்.

நவம்பர் 22, புதன்

18,614. இன்றைக்கு உட்கார்ந்து எண்ணியே பார்த்துவிட்டேன்.

மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் பொடி எழுத்தில் 3200 என்று போட்டிருக்கும். அதாவது 3,200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, ஒரே ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ண வேண்டும். அதை 18.75-ஆல் பெருக்கினால் எத்தனை வாட்ஸ் என்று தெரிந்துவிடும். (எல்லா மீட்டரிலும் 3200 இருக்காது. எண் மாறினால் பெருக்குவதும் மாறும்: 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும்.)

ஹால் ஃபேன் நாலு சிமிட்டல், 75 வாட்ஸ். பதின்மூன்று மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட். உள் ரூம் ஃபேனை பழைய பெட்டி ரெகுலேட்டரில் இரண்டில் வைத்தும் மூன்று சிமிட்டுகிறது. காற்று பாதியாகிறது, கரண்ட் பாதியாகவில்லை. மிச்சம் அந்தப் பெட்டியைச் சூடாக்குவதில் போகிறது, தொட்டால் தெரியும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாற்றினால் குறையும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று புது ஃபேன் வாங்குகிறவர்கள் முதலில் கெபாசிட்டரை மாற்றிப் பார்க்கலாம், 2.5 எம்எஃப்டி, ஒரு டீ வடை காசில் முடிந்துவிடும்.

ஃபிரிட்ஜ் ஆறு, 112 வாட்ஸ். அது சரிதான். ஆனால் கம்ப்ரஸர் நிற்கவே மாட்டேன் என்கிறது.

எல்லாம் அணைத்த பிறகும் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று சிமிட்டியது. தேடினேன். டிவியும் செட்டாப் பாக்ஸும், ரிமோட்டில் மட்டும் அணைத்து வைத்தது. ஒன்பது வாட்ஸ்தான். இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். பெரியவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இனி சுவரில் அணைக்க வேண்டும் என்றதும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனான்.

நவம்பர் 23

ஃபிரிட்ஜ். கதவில் பஸ் டிக்கெட்டை வைத்து மூடி இழுத்தேன். மேலே பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கேஸ்கெட் மடிப்புக்குள் ஒரே கறுப்பு. சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த மூலையில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, ரப்பரை விரலால் வெளியே நீவிவிட்டு மூடினேன். இப்போது பிடிக்கிறது.

ஃப்ரீஸரில் விரல் தடிமன் ஐஸ். ஐஸே கம்பளி போல் மூடிக்கொண்டால் குளிர் எப்படி இறங்கும், கம்ப்ரஸர் பாவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, வெந்நீர்ச் சொம்பை உள்ளே வைத்து, கதவைத் திறந்து போட்டேன். முக்கால் மணி நேரத்தில் பாளம் பாளமாக விழுந்தது. கத்தியால் குத்தக் கூடாது. அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. ஒரு ஓட்டை விழுந்தால் நாலு கரண்ட் பில்லுக்கு ஆகும்.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாயிற்று. அத்தைக்குப் போகிற வழி குறுகிவிட்டதாம்.

நவம்பர் 25, சனி

இன்று கேஸ். மாட்டியது அக்டோபர் 27, சிலிண்டர் மேலேயே சாக்பீஸால் எழுதியிருக்கிறது. விலை 918.50. போன சிலிண்டர் 36 நாளில் தீர்ந்தது, ஒரு நாளைக்கு இருபத்தைந்தரை ரூபாய்.

பழைய பேப்பர்க்காரர் தராசைக் கேட்டு வாங்கி நிறுத்தேன், 21.1 கிலோ. வெற்று சிலிண்டர் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், இதில் 15.7. உள்ளே இருப்பது 5.4. வரும்போது 14.2, ஆக 29 நாளில் 8.8 தீர்ந்திருக்கிறது. இன்னும் 17, 18 நாள் ஓடும். டிசம்பர் 12 வரை. தராசு இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வெந்நீரை ஊற்றித் தடவிப் பார்ப்பது. எங்கே சில்லென்று மாறுகிறதோ அதுவரை கேஸ்.

36-லிருந்து 46-க்குத் தள்ளியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அரிசி அரை மணி, பருப்பு ஒரு மணி ஊறாமல் அடுப்பேறுவதில்லை. பருப்பு வேகும் முன் புளி விழக் கூடாது, விழுந்தால் வேக நேரம் பிடிக்கும். குக்கரில் அடியில் பருப்பு, மேலே சாதம், அதற்கும் மேலே கிண்ணத்தில் காய். முதல் விசில் வரை பெரிய தீ, பிறகு சிம். மூன்றில் அணைத்து, பழைய சேலையைச் சுற்றி வைத்துவிட வேண்டும், மீதி அதுவாக வேகும். விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி போனால் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. பத்து நிமிடம் ஃப்ரீஸரில் வைத்தால் அன்றைக்கு ஓடும், மறுநாள் புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும்.

சின்ன பர்னர் மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்துக்கு அடியில் கரி. புளித்தண்ணீரில் உப்பு போட்டு அரை மணி ஊறவைத்து, ஓட்டை ஓட்டையாக ஊசி விட்டு, வெயில் இல்லாததால் ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன். ஈரத்தோடு மாட்டினால் படபடவென்று அணையும்.

கீஸரை நிறுத்தியதால் அத்தைக்கு வெந்நீர் கேஸில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கையில் மிச்சம் பிடித்து இன்னொரு கையில் விடுகிறேன். மாடியில் தேங்காய் மட்டை போட்டு அண்டாவில் போடலாம், மட்டை எல்லாம் நனைந்து கிடக்கிறது.

நவம்பர் 26

கார்த்திகை தீபம். அகல் பன்னிரண்டு. 18,640.

நவம்பர் 28

ரேஷன் வாங்கியாயிற்று. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பருப்பு தீர்ந்திருக்கும்.

ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி கல்லாக வருகிறது என்பவர்கள் அளவை மாற்றிப் பார்க்கட்டும். அரிசி நாலு டம்ளர், முழு உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன், அவல் ஒரு கைப்பிடி. அரிசியைக் கல்லுப்பு போட்டு நாலு தண்ணீரில் கழுவினால் வாடை போகும். ஐந்து மணி நேரம் ஊறணும். உளுந்தை முதலில், தனியாக, ஜில் தண்ணீர் தெளித்துத் தெளித்து இருபத்தைந்து நிமிடம். கிரைண்டர் எட்டு சிமிட்டல், 150 வாட்ஸ், ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் வராது. மிக்ஸியில் அரைத்தால் அதைவிட அதிகம் இழுக்கிறது, மாவும் சூடாகிக் கெடுகிறது. கடையில் ஒரு கிலோ மாவு 50 ரூபாய். நம் வீட்டில் ஒரு முறை அரைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் தேறும்.

மழைக் குளிரில் மாவு பொங்கவில்லை. குக்கருக்குள் வைத்து மூடி, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர்.

அழைப்பு? இல்லை.

நவம்பர் 30

ராத்திரி முழுக்க அடித்துப் பெய்தது. 18,665. மிச்சம் 49, நாள் ஆறு. முதல் தடவையாகக் கணக்கு நம் பக்கம்.

டிசம்பர் 2, சனி

புயல் வருகிறதாம், மிக்ஜாம். சென்னை மடிப்பாக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் முக்கியமில்லை, ஏரித் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான்.

மோட்டார்: மோனோபிளாக்கை நட்டு கழற்றி மாடிப்படிக்கு ஏற்றியாயிற்று. ஒயரைக் கழற்றும் முன் எந்த நிறம் எங்கே என்று செல்போனில் படம். முழுகின மோட்டாரை ரீவைண்டிங் பண்ணுவதற்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஆயிரக்கணக்கில். கழற்றுவதற்கு முன் மேல் டேங்கை வழிய வழிய நிரப்பிவிட்டோம்.

சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி): மூடிமேல் பிளாஸ்டிக் ஷீட், சுற்றி மணல் மூட்டை. சாக்கடைத் தண்ணீர் உள்ளே போனால் பிறகு ஒன்றுக்கும் ஆகாது. கீழ் வீட்டு பாத்ரூம் குழியிலும் கழிப்பறையிலும் பாலித்தீன் பைக்குள் மணல் கட்டி அடைத்தோம். வெள்ளம் வாசல் வழியாக வரும் என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது கழிப்பறை வழியாகப் பின்னால் வந்து நிற்கும்.

மாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாயில் டி போட்டு டிரம் வைத்தாயிற்று. நம் மொட்டை மாடி 600 சதுர அடி. 10 மில்லிமீட்டர் பெய்தால் 550 லிட்டர். முதல் கால் மணி நேரத் தண்ணீரை விட்டுவிட வேண்டும், காக்கை எச்சமும் தூசியும் அதில் போய்விடும். வாயில் வேட்டித் துணி நாலாக மடித்து.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. ஃபிரிட்ஜில் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில், ஃப்ரீஸரிலும். யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்த பழைய பேட்டரி, 12 வோல்ட் 7 ஏஎச், அதற்கு ஒரு கார் சார்ஜர். முழுதாக வற்றவிடாமல் பாதி எடுத்தாலும் செல்போனுக்கு இரண்டு சார்ஜ்.

18,678.

டிசம்பர் 3

மழை.

டிசம்பர் 4, திங்கள்

விடியும் முன்னே கரண்ட் போனது. 18,685-ல் நின்றது. காலை பத்துக்குள் கீழ் வீட்டில் முழங்கால் தண்ணீர். மெயினை அணைத்துவிட்டு அக்கா வீட்டார் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். டவர் இல்லை.

டிசம்பர் 5

எட்டுப் பேர். புயல் ஆந்திரா பக்கம் கரை கடக்கிறதாம், ரேடியோவில்.

காலை கஞ்சி, மதியம் புளிச்சோறு, ராத்திரி ரவை. எட்டுப் பேருக்கு மூன்று வேளை, குடிக்கிற தண்ணீர் முழுதும் கொதிக்கவைத்து. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும், லேசாகக் குமிழி விட்டதும் இறக்குவது வீண். டிரம் தண்ணீர் கழுவ, ஊற்ற மட்டும். பாலைப் புளிக்கவிட்டுத் தயிராக்கினேன், தயிர் ஒரு நாள் அதிகம் தாங்கும். ஃபிரிட்ஜைத் திறக்கவே விடவில்லை. இருந்தும் மாலைக்குள் வெண்டைக்காய் வியர்த்துவிட்டது.

கேஸ் எவ்வளவு போகிறது என்று பார்க்கவில்லை. பார்க்க மனசில்லை. அக்கா ஒவ்வொரு தடவை அடுப்பைப் பற்ற வைக்கும்போதும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

டவர் இல்லாமல் செல்போன் செத்தே கிடக்கிறது. இந்த இரண்டு நாளில்தான் கூப்பிட்டிருப்பார்கள். அப்படித்தான் நடக்கும்.

டிசம்பர் 6

கணக்கெடுக்கிற நாள். தெருவில் தொடையளவு தண்ணீர், யார் வருவார்? 18,685.

டிசம்பர் 7

தண்ணீர் வடிந்தது. சாயங்காலம் கரண்ட். கீழ் வீட்டு சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து காயவைக்காமல் மெயினைப் போடக் கூடாது என்று நின்றே தடுத்தேன். நனைந்த மிக்ஸியைப் "போட்டுத்தான் பாப்போமே" என்கிறார் கீழ் வீட்டு அண்ணா. போட்டால் புகைதான் வரும். பிரித்து, இரண்டு நாள் காற்றில் வைத்து, மல்டிமீட்டரில் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகுதான்.

டவர் வந்தது. தவறிய அழைப்பு மூன்று. இரண்டு அம்மா. ஒன்று எண் மட்டும். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

டிசம்பர் 9

18,697. மூன்று நாள் கரண்ட் இல்லாததில் இருபது மிஞ்சியது, நாள் தள்ளிப்போனதில் அதுவும் கரைகிறது. கணக்கெடுக்க யாரும் வரவில்லை, அவர்களுக்கும் இருக்கிற வேலை தலைக்கு மேல். மிச்சம் 17.

சம்ப் திறந்தோம். ஷீட்டை மீறி இறங்கியிருக்கிறது, அடியில் ஒரு விரல் சேறு. முழுதும் இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் கரைசலை சுவரில் அடித்து, ஒரு மணி விட்டுக் கழுவி, அதையும் இறைத்தோம். தெளிந்த தண்ணீர் விட்ட பிறகு ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம், பழைய பொடியாக இருக்கக் கூடாது. ஒரு வாளியில் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். குடிக்க அப்போதும் கொதிக்கவைத்துத்தான். சம்புக்குள் இறங்கும் முன் மூடியைத் திறந்து வெகு நேரம் காற்றாட விட வேண்டும், மேலே ஒருத்தர் நிற்காமல் இறங்கவே கூடாது.

மோட்டாரை மாட்டி, தண்ணீர் ஊற்றி, காற்று எடுத்தேன். மூன்றாவது தடவை இழுத்தது. கலர் படம் காப்பாற்றியது.

வெள்ள நிவாரணம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று அறிவிப்பு. டோக்கனாம்.

டிசம்பர் 10

சிலிண்டர் தீர்ந்தது, 44 நாள். எட்டுப் பேர் சாப்பிட்டும் போன தடவையைவிட எட்டு நாள் கூட.

டிசம்பர் 11, திங்கள்

18,709. இன்னும் ஐந்து. அந்த எண்ணை மறுபடி கூப்பிட்டேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

டிசம்பர் 12

காலை ஆறு மணி. 18,713. ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டேன். பாலைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஈரத்துணி சுற்றியிருக்கிறது. ஃபேன் இல்லை, சின்னவள் விசிறிக்கொண்டிருக்கிறாள். கீழே கேட் சத்தம், போய்ப் பார்க்கிறேன்.