பீபெரி காணாமல் போன கணக்கு

சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் பணியாற்றியபோது, ஏற்காட்டில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தின் இருப்புக் கணக்கு நிரலைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தோட்டத்தில் பறிக்கும் அராபிகாப் பழத்தைத் தோல் நீக்கிக் கழுவி உலர்த்திப் பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பிளான்டேஷன் ஏ, பி, சி, பீபெரி என்று தரவாரியாகக் கணக்கு திரும்பி வரும். பழைய நிரலில் இந்த நான்கும் 0, 1, 2, 3 என வெறும் முழு எண்களாக இருந்தன. மூட்டை எண்ணிக்கை போக வேண்டிய இடத்தில் தர எண் போனாலும், நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்குத் தொகுக்கும் கம்பைலர் தடுக்காது. அதற்கு இரண்டும் எண்களே.

பட்டியலில் உள்ள பெயர்களை மட்டுமே மதிப்பாக ஏற்பது பட்டியலிட்ட வகை. பாஸ்கல் மொழியில் 1970-லேயே இருந்த அது, நான் எழுதிய ஜாவாவுக்கு 2004-இல் ஐந்தாம் பதிப்போடுதான் எனம் என்ற பெயரில் வந்தது. தரங்களை எனமாக மாற்றியவுடன் எண் கலப்புப் பிழைகள் தொகுக்கும்போதே பிடிபட்டன. தோட்டத்தில் சொல்லும் பெயரே நிரலிலும் நின்றது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் தரவுத்தளத்தில் எனத்தைச் சேமிக்கும்போது, வேறு ஏதும் சொல்லாவிட்டால், ஜாவா நிரலின் தரவைத் தரவுத்தளத்தில் எழுதித் தரும் ஜேபிஏ, பட்டியலில் அதன் வரிசை எண்ணையே 0 முதல் எண்ணி எழுதும். அந்த எண்கள் பழைய பத்தியில் இருந்தவற்றோடு அப்படியே பொருந்தியதால், ஒரு வரித் தரவைக்கூட மாற்றாமல் நிரல் ஓடியது. அந்தப் பொருத்தத்தை நான் வசதியாகக் கருதியதுதான் பிழை.

அடுத்த பருவத்தில், பெரிய கொட்டைகளை ஏஏ என்று தனியாகக் கணக்கில் காட்டக் கேட்டார்கள். தரம் பிரிப்பது சல்லடை அளவால். ஏ தரத்துக்கு 6.65 மில்லிமீட்டர், பி தரத்துக்கு 6.00 மில்லிமீட்டர். ஆகவே ஏஏ என்பதைப் பட்டியலின் தலையில் வைப்பதே முறை என்று வைத்தேன். பழைய ஏ எல்லாம் ஏஏ ஆயின, பி எல்லாம் ஏ ஆயின, பீபெரி எல்லாம் சி ஆயின. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. மொத்த எடையும் கிலோ பிசகாமல் சரியாக இருந்தது.

கண்டுபிடித்தவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். முந்தைய ஆண்டுகளின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “பீபெரி இல்லாத மகசூல் ஏதுங்க தம்பி?” என்று தொலைபேசியில் கேட்டார். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைவது பீபெரி. எந்த அறுவடையிலும் அது கொஞ்சமாவது இருக்கும். மறுநாள் காலை பேருந்தில் மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் 20-க்கும் எண் எழுதிய பலகைகள் உண்டு. கீழே புதிதாக ஒரு வளைவு வெட்டினால் மேலே உள்ள ஒவ்வொரு பலகையும் பொய்யாகிவிடும் என்பது அன்றுதான் உறைத்தது.

திருத்துவது எளிதாக இல்லை. நிரலைப் புதுப்பித்த நாளுக்கு முந்தைய பதிவுகளில் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும், பிந்தையவற்றைத் தொடக்கூடாது. ஆனால் இடையில் சில பழைய பதிவுகளை யாரோ திறந்து, கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்த தரத்தைச் சரிசெய்து மீண்டும் சேமித்திருந்தார்கள். அவற்றை ரைட்டரின் கைப்பேரேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு இரண்டு இரவுகளில் முடித்தோம். அவர் பேரேட்டில் தரத்தை எங்கும் எண்ணால் எழுதியதில்லை, பெயரால்தான் எழுதியிருந்தார்.

இப்போது ஒவ்வொரு தரத்துக்கும் நானே ஒரு குறியீட்டை எழுதி, அதையே தரவுத்தளத்தில் சேமிக்கிறேன். எனத்தின் பெயரை அப்படியே சேமிப்பதையும் பலர் பரிந்துரைப்பர்; பெயரை மாற்றினால் அதுவும் உடையும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தரத்துக்குத் தக்கபடி வழி பிரிக்கும் ஸ்விட்ச் எழுதும் இடங்களில் ‘மற்றவை’ என்ற கிளையை எழுதுவதில்லை. 2020-இல் வந்த ஜாவா 14 முதல், ஸ்விட்சை மதிப்புத் தரும் கோவையாக எழுதினால், விடுபட்ட தரத்தைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். தோட்டத்தின் பாத்திகளுக்கு மட்டும் எனம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவை தோட்டக்காரர் விருப்பப்படி பிரிந்தும் சேர்ந்தும் மாறுபவை, அவற்றுக்கு அட்டவணையே பொருத்தம்.

ஏஏ இன்னும் பட்டியலின் தலையில்தான் இருக்கிறது. பீபெரி கடைசியில் நின்றாலும் சி தரத்தை விடச் சிறியது என்று அதற்குப் பொருளில்லை. அதனால் இரண்டு தரங்களை அளவால் ஒப்பிடும் செயற்கூறு, பீபெரி வந்தால் விடை சொல்ல மறுக்கும்படி எழுதியிருக்கிறேன்.