ஒரே தேதி, வெவ்வேறு ஆண்டு: வரலாற்றுப் பாடத்துக்கு நான் படித்த விதம்

வரலாறு எடுத்த பிள்ளைகளிடம் எது கஷ்டம் என்று கேட்டால் உடனே வரும் பதில், "தேதி." பலரும் ஆண்டு வரிசையில் நீளமாக ஒரு பட்டியல் எழுதி அறைச் சுவரில் ஒட்டிவிட்டு, தேர்வு முடியும்வரை அதைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பார்கள். நான் சிங்கப்பூரில் ஓ நிலைத் தேர்வுக்கும் பிறகு தொடக்கக்கல்லூரியிலும் வரலாறு படித்தவள். இப்போது உயர்நிலை மூன்று, நான்கில் படிக்கும் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லித் தருகிறேன். ஆண்டு வரிசை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு நாள்காட்டி வரிசையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன், எனக்குக் கைகொடுத்தது அதுதான். பக்கத்தின் தலையில் ஒரு தேதி, அதன் கீழே வெவ்வேறு ஆண்டுகளில் அதே தேதியில் நடந்தவை.

இதில் என்ன புதுமை, "வரலாற்றில் இன்று" என்று தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறதே என்பீர்கள். சரிதான். அந்த மாதிரித் துணுக்குகளால் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே "ஏன் அன்றைக்கு?" என்று ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பப் பார்க்கும்போதுதான் படிப்பே தொடங்குகிறது. யாராவது வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்களா? முன்பு அதே நாளில் நடந்த ஒன்று இதை இழுத்துக்கொண்டு வந்ததா? இல்லை, சும்மா தற்செயலா?

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு முதல் பக்கம் ஏற்கெனவே தெரியும். பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினம். மாலை 6.20க்குத் தீவெங்கும் சங்கு ஒலிக்கும். 1942இல் புக்கிட் தீமாவின் ஃபோர்ட் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிட்டாவிடம் சரணடைந்த நாள் அது. இதே பக்கத்தில் 1915ஐயும் எழுதுங்கள். அன்றுதான் இங்கிருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டிய அந்தப் படையில், துருக்கிய முஸ்லிம்களோடு போரிடத்தான் நம்மை அனுப்புகிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. கலகம் அடக்கப்பட்ட பிறகு 47 பேருக்கு மரண தண்டனை. அப்புறம் 1989: சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு முழுவதுமாக வெளியேறிய நாள்.

இப்போது "ஏன் அன்றைக்கு?" கட்டம். மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை, தற்செயல்தான். ஆனால் 1942க்குப் பதில் தேடும்போது ஒரு சுவையான விஷயம் கிடைக்கும். ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடிக்கக் குறித்து வைத்திருந்த நாள் பிப்ரவரி 11. அது அவர்களுடைய பேரரசு தோன்றியதாகக் கொண்டாடப்படும் கிகென்செட்சு திருநாள். அந்த நாள் தவறிவிட்டது. அப்படியானால் 15ஆம் தேதியை முடிவு செய்தது எது? குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து நகரத்துக்குத் தண்ணீர் இல்லை, பெட்ரோலும் விமான எதிர்ப்புக் குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன, நகரம் முழுக்க அகதிகள். யமஷிட்டாவிடமும் குண்டுகள் குறைவு என்பதால் அவர் மிரட்டி அவசரப்படுத்தினார். கவனித்தீர்களா, "சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது" என்ற கட்டுரைக் கேள்விக்கான பாதிப் பதில் ஒரு தேதியைத் துருவியதிலேயே வந்துவிட்டது.

இந்த முறையின் பலனை முழுசாகக் காட்டும் தேதி ஆகஸ்ட் 15 என்பேன். 1945இல் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் சரணடைவதாக அறிவித்தார். 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. 1948இல் சோலில் கொரியக் குடியரசு பிறந்தது. இங்கே தற்செயல் எதுவும் இல்லை. இந்தியாவை விட்டு வெளியேற பிரிட்டிஷ் அரசு முதலில் சொன்ன கெடு 1948 ஜூன். வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அதை முன்னுக்கு இழுத்து ஆகஸ்ட் 15 என்று அறிவித்தார், ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பதற்காக. அவருக்கு அந்த நாள்மேல் ஏன் அவ்வளவு பிடிப்பு? தென்கிழக்காசியாவின் நேசநாட்டுத் தலைமைத் தளபதி அவர்தான். 1945 செப்டம்பர் 12இல் நம் நகர மண்டபத்தில் ஜப்பானியத் தளபதிகளின் சரணை ஏற்றுக்கொண்டதும் அவரே. இன்றைக்குத் தேசியக் கலைக்கூடமாக இருக்கும் கட்டடம் அது. பாடாங் பக்கம் போனால் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். கட்டளைத் தளபதியாகத் தமக்குப் பெருமை தந்த நாளையே நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்களின் விடுதலை நாளாக ஒருவர் குறித்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அந்த அவசரத்துக்கும் பிரிவினையின்போது நடந்த படுகொலைகளுக்கும் தொடர்பு உண்டா என்பது வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடும் கேள்வி. நாளும் கோளும் பார்த்த சோதிடர்கள் 15ஆம் தேதி சரியில்லை என்று சொல்ல, நள்ளிரவுக் கூட்டம் என்ற சமாதானம் பிறந்ததையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். தேர்வுக்கு உதவாது, ஆனால் மறக்கவே மறக்காது.

கொரியா கதை வேறு. அவர்களுக்கு ஆகஸ்ட் 15 என்றால் ஜப்பானியப் பிடியிலிருந்து விடுபட்ட நாள். தென்கொரியா அதே நாளில் அரசை அறிவித்ததன் மூலம் "விடுதலையின் வாரிசு நாங்களே" என்றது. வடகொரியா 1948 செப்டம்பர் 9இல் தனி அரசை அறிவித்தது. இரண்டும் தாமே முழுக் கொரியாவுக்கும் உரியவர் என்று சொல்லிக்கொண்டதை, 1950 ஜூன் 25இல் போர் மூண்டதற்கான காரணங்களில் ஒன்றாக நீங்கள் எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள்.

ஆகஸ்ட் 9 நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் 1942இல் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானத்துக்கு மறுநாள் காந்தி கைதானதையும், 1945இல் நாகசாகியையும், அன்றே சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததற்கு ஏன் அந்த நாள்? ஒப்பந்தம் 7ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. கோலாலம்பூரில் நாடாளுமன்றம் கூடவிருந்த திங்கட்கிழமை 9ஆம் தேதி. அவ்வளவுதான் காரணம்.

ஐரோப்பாப் பகுதிக்கு நவம்பர் 9. ஜெர்மானியர்களே இதைத் தங்கள் விதி நாள் என்பார்கள். 1918இல் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1923இல், அந்தக் குடியரசைக் கவிழ்க்க ஹிட்லர் மியூனிக்கில் ஊர்வலம் போய்த் தோற்றார். குடியரசை உருவாக்கியவர்களை அவர் "நவம்பர் குற்றவாளிகள்" என்று ஏசியதை நினைவில் கொள்ளுங்கள். ஆட்சிக்கு வந்த பிறகு அந்தத் தோல்வியை ஆண்டுதோறும் வீரவிழாவாகக் கொண்டாடினார்கள். 1938இல் நாஜித் தலைவர்கள் அந்த விழாவுக்காக மியூனிக்கில் கூடியிருந்த இரவில்தான், பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மானியத் தூதரக அதிகாரி இறந்துபோன செய்தி வந்தது. பிரசார அமைச்சர் கெப்பல்ஸ் பேசினார், அங்கிருந்தே ஊர் ஊராகத் தொலைபேசி பறந்தது, யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் எரிந்தன. கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்ததற்குக் காரணமே அந்தத் தேதி. அடுத்த ஆண்டு, அதே விழாவுக்கு முந்தைய மாலை ஹிட்லர் எங்கே, எப்போது பேசுவார் என்று நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் கியோர்க் எல்சர் என்ற தச்சர் மண்டபத் தூணுக்குள் குண்டு வைக்க முடிந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப்போன ஹிட்லர் தப்பினார்.

1989 நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தது மட்டும் தற்செயல். பயண விதி மாற்றத்தை மறுநாள்தான் வெளியிட வேண்டும். செய்தியாளர் கூட்டத்தில் கிழக்கு ஜெர்மானியக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷாபோவ்ஸ்கி குறிப்பைப் புரட்டிப் பார்த்து "உடனே" என்று சொல்லிவிட்டார், மக்கள் திரண்டுவிட்டார்கள். ஒன்றிணைந்த ஜெர்மனி நவம்பர் 9ஐத் தேசிய நாளாக்காமல் அக்டோபர் 3ஐ எடுத்துக்கொண்டதற்கு 1938இன் நிழல் முக்கியக் காரணம்.

இது எஸ்பிகியூ எனப்படும் ஆதாரக் கேள்விகளுக்கு நேரடியாக உதவும். ஆதாரத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் தேதியைப் பலர் படிப்பதே இல்லை. ஒரு தலைவரின் பேச்சு நவம்பர் 8இலோ ஆகஸ்ட் 15இலோ பேசப்பட்டிருந்தால், அது ஆண்டு நிறைவுப் பேச்சு. கூட்டத்தில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன உணர்வை ஏற்ற விரும்பினார், பழைய நிகழ்வில் எதைப் பெரிதாக்கி எதை விட்டுவிட்டார் என்று கேட்டால், நோக்கத்தைப் பற்றிய கேள்விக்கு வெறும் "மக்களை நம்ப வைக்க" என்பதைத் தாண்டி எழுத முடியும். ஆதாரம் எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்விக்கும் இதே வழிதான்.

தேதியை நம்பும் முன் நாள்காட்டியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1941 டிசம்பர் 8 விடியலுக்கு முன் சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு டிசம்பர் 7 என்று பாடநூல் சொல்லும். இரண்டுக்கும் ஒரு நாள் இடைவெளி என்று நினைத்துவிடக் கூடாது, நடுவே இருப்பது பன்னாட்டுத் தேதிக்கோடு. சொல்லப்போனால், மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது ஹவாய்த் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பே. அதுபோல ரஷ்யாவின் "அக்டோபர்ப் புரட்சி" நடந்தது இன்றைய நாள்காட்டிக் கணக்கில் 1917 நவம்பர் 7. இங்கே ஜப்பானியர் ஆட்சியில் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள், 1942ஆம் ஆண்டு ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2602 ஆனது. அந்தக் கால ஆவணம் ஆதாரமாக வந்தால் குழம்பாதீர்கள்.

டிசம்பர் 8 பக்கத்தில் இன்னும் இரண்டு உண்டு. 1987இல் ரேகனும் கோர்பச்சாவும் நடுத்தர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1991இல் ரஷ்யா, உக்ரைன், பெலாருஸ் தலைவர்கள் சோவியத் ஒன்றியம் முடிந்தது என்று அறிவித்தார்கள். வெறும் தற்செயல், ஆனால் பனிப்போரின் கடைசி அத்தியாயத்துக்கு இரண்டு நல்ல ஆணிகள். இப்படி ஆணியாக மட்டும் பயன்படும் தேதிகளில் எனக்குப் பிடித்தது அக்டோபர் 24: 1929இல் நியூயார்க் பங்குச் சந்தையின் கறுப்பு வியாழன், 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனம் நடைமுறைக்கு வந்தது, 1962இல் கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடல் முற்றுகை. உங்கள் பாடத்திட்டத்தில் கியூபா இல்லையென்றால் கடைசியை விட்டுவிடலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் 1801ஐயும் சேர்த்துச் சொல்வேன், மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட நாள். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ அந்தக் கதையைச் சொல்லியிருந்தால், மற்ற மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். ஜனவரி 30க்கு 1933இல் ஹிட்லர் பதவியேற்பு, 1948இல் காந்தி கொலை. டிசம்பர் 25க்கு 1941இல் ஹாங்காங் வீழ்ச்சி, 1991இல் கோர்பச்சாவ் பதவி விலகல். இவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். இந்த ஒற்றுமைகளை விடைத்தாளில் எழுதாதீர்கள். "சுவாரசியமாக, இதே நாளில்..." என்று தொடங்கும் வாக்கியம் திருத்துபவரின் பொறுமையைத்தான் சோதிக்கும். கட்டுரையில் பெரும்பாலும் மாதமும் ஆண்டும் போதும். 1945 ஆகஸ்ட் மாதிரி 6, 9, 15 என்று நாள்கள் நெருக்கி வரும் இடத்தில்தான் நாள் முக்கியம், ஏனென்றால் அங்கே வரிசை மாறினால் காரணமும் மாறிவிடும். 2027 முதல் ஓ நிலைக்குப் பதிலாக எஸ்இசி என்ற புதிய உயர்நிலைச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. அதிலும் விளக்கத்துக்குத்தான் மதிப்பெண் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டங்களை நிரப்பப் பாடநூல் மட்டும் போதாது. தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன, தமிழ் முரசு உட்பட. 1965 ஆகஸ்ட் 10 இதழைத் திறந்து ஒரு பக்கம் படித்தாலே அந்த நாளின் பதற்றம் புரியும். இணையத்தில் சுற்றும் "இதே நாளில்" பட்டியல்களை அப்படியே எடுக்காதீர்கள். இரண்டு நாள் நீண்ட நிகழ்வுகளை ஒரு நாளில் அடைப்பதும், நள்ளிரவில் நடந்ததை முதல் நாளில் போடுவதும் அங்கே சகஜம்.

பாடத்திட்டத்துக்கு வெளியே போகும் பக்கங்களை எண்ணிக்கைக்காகச் சேர்க்க வேண்டாம். தேர்வுக்கு முந்தைய வாரம் புதுப் பக்கமே திறக்காதீர்கள். புளோக் கீழே உட்கார்ந்து, நண்பரை ஒரு தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்டுகளைச் சொல்லிவிட்டு "ஏன் அன்றைக்கு?" என்பதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லப் பாருங்கள். பதில் வராத பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு, மறுநாள் காலை எம்ஆர்டி ரயிலில் அந்தப் பக்கங்களை மட்டும் படியுங்கள்.