வேம்பை வெட்டாமல் வேர் அடைப்பை எடுத்த கதை

பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிற பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான எங்கள் வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளமாகப் போகிற வீடு. வளவில், அதாவது நடு முற்றத்தில், விழுகிற மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று அவ்வளவு யோசித்துக் கட்டியவர்கள் கக்கூஸ் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. அப்போது வீட்டுக்குள் கக்கூஸே கிடையாது. இப்போது இருப்பதெல்லாம் பிற்பாடு அடுப்படிக் கட்டுக்குப் பின்னால் ஒட்டவைத்தவை. அங்கிருந்து லைன் கிணற்றை ஒதுக்கிக்கொண்டு, தோட்டத்து வேம்படி வழியாகச் செப்டிக் டேங்குக்குப் போகிறது. வம்பு அந்த வேம்படியில்தான்.

முன்னோருக்குப் படையல் வைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் குடும்பத்தோடு வந்து இறங்கிய அன்றைக்கே பின்கட்டுக் குளியலறையில் அழுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. வீட்டில் ஆள் குறைவாக இருக்கிறபோது இந்த மாதிரி அடைப்பு வெளியே தெரியாது, தண்ணீர் மெதுவாகக் கசிந்து போய்விடும். ஆனால் அறிகுறி உண்டு. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் பக்கத்துக் கக்கூஸ் கோப்பைக்குள் குளுக் குளுக் என்று குமிழி வரும். முன்னால் போக வழியில்லாத காற்று திரும்பி வருகிற சத்தம் அது. அதைக் கேட்டால் ஆசிட் பாட்டிலைத் தேடாதீர்கள், லைனைத் திறந்து பார்ப்பதற்காக நடுநடுவே கட்டியிருக்கிற தொட்டியின், அதாவது சேம்பரின், மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

மூடியைத் தூக்கினால் பாதி விடை கிடைத்துவிடும். எங்கள் லைனில் மூன்று சேம்பர். வீட்டை ஒட்டிய இரண்டிலும் தண்ணீர் விளிம்புவரை நின்றது; டேங்குக்கு முந்தின சேம்பர் காய்ந்து கிடந்தது. அப்படியானால் அடைப்பு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே. டேங்க் நிரம்பி எதிர்த்திருந்தால் மூன்றாவதும் சேர்ந்து நிரம்பியிருக்கும். இதைப் பார்க்காமலே "டேங்க் ஃபுல்லு, லாரியக் கூப்பிடுங்க" என்றுதான் முதலில் வந்தவர் சொன்னார். அவரோடு வந்த பையன், "நான் உள்ள எறங்கி எடுத்துர்றேண்ணே" என்று சட்டையைக் கழற்றினான். வேண்டவே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். செப்டிக் டேங்குக்குள்ளும் ஆழமான சேம்பருக்குள்ளும் நிற்கிற வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மனம் கோணக்கூடாதே என்று விட்டுக்கொடுக்கிற விஷயமில்லை இது, 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

அடுத்து காரைக்குடியிலிருந்து வந்த பிளம்பர் விஷயம் தெரிந்தவர். நீளமான மூங்கில் பத்தையைக் கீழ்ச் சேம்பர் வழியாக விட்டுக் குத்தினார். சரக்கென்று தண்ணீர் இறங்கியது. பத்தையை வெளியே இழுத்தபோது நுனியில் சுற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்து வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்: நனைந்த சவுரி முடி மாதிரி கறுத்துப் பழுத்த வேர்க்கற்றை, அதற்குள் துணி நூலும் கொழுப்புக் கட்டியும். "அண்ணே, இது போய்ட்டுத் திரும்ப வரும். வெட்டுன எடத்துல இன்னும் அடர்த்தியா கெளைக்கும்" என்று அவரே சொன்னார். சொன்னபடியே படைப்பு முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி அடைத்தது.

இதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் வைத்தியம் குவிந்துவிட்டது. சென்னையில் இருக்கிற அண்ணன் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றச் சொன்னார். உரக்கடையில் கிடைக்கும், செலவும் குறைவு, வேரையும் கருக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் தண்ணீர் ஊர்ச் சாக்கடைக்குப் போவதில்லை, செப்டிக் டேங்குக்குப் போகிறது. மலத்தை மக்கவைக்கிற நுண்ணுயிரைத் தாமிரம் கொன்றுவிடும். மிச்சம் உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்கும், அதே தோட்டத்தில்தான் கிணறும் இருக்கிறது. அதனால் வேண்டாம் என்றேன். மலேசியாவில் இருக்கிற இன்னொரு பங்காளி, மரத்தையே எடுத்துவிடலாமே என்று எழுதினார்.

அவர் எழுதி முடிக்கவில்லை, பெரியப்பச்சி (பெரியப்பா) போன் செய்துவிட்டார்.

"ஏப்பா, வேம்ப வெட்டப் போறியாமே? ஆடி மாசம் பொறக்கப் போகுது, இப்பப் பேசுற பேச்சா இது?"

"இல்ல பெரியப்பச்சி, வெட்டல. வெட்டுனாலும் பிரயோசனம் இல்ல."

அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை அது. அடிமரத்தை வெட்டினாலும் வேம்பு வேரிலிருந்து திரும்பக் கன்று விடும். பைப்புக்குள் ஏற்கெனவே இருக்கிற வேர் மட்கி அழிய வெகுகாலம் ஆகும், ஓட்டையோ அப்படியே இருக்கும். நல்ல பைப்பை வேர் துளைத்துக்கொண்டு போவதில்லை. எங்கே இணைப்பு விரிந்து ஈரம் கசிகிறதோ அங்கே மயிரிழை வேர் நுழையும், உள்ளே சாறு கிடைத்ததும் பருத்து, விரிசலை அதுவே அகலப்படுத்தும். ஆக, சரிசெய்ய வேண்டியது பைப்பைத்தான்.

எங்கே தோண்டுவது? கேமரா விட்டுப் பார்க்கிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பிளம்பர் மறுபடி மூங்கில் பத்தையை விட்டு, முட்டுகிற இடம் வந்ததும் சேம்பர் வாயில் பத்தையின்மேல் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். வெளியே எடுத்து, அந்தக் கோடு சேம்பர் விளிம்பில் படும்படி லைன் போகிற திசையில் தரைமேல் கிடத்தினார். நுனி போய் நின்ற இடம் வேம்பின் தூரிலிருந்து ஓர் எட்டு.

ஆடி கழிந்து ஆவணியில், ஐப்பசி மழைக்கு முந்தியே வேலையைத் தொடங்கினோம். மேலே செம்மண், இரண்டடிக்குக் கீழே செம்புறாங்கல். கடப்பாரை போட்டால் டங்கென்று தெறிக்கும். பைப் வாங்கிய காசைவிடத் தோண்டுகிற கூலிதான் அதிகம் ஆனது. பழைய பைப் வெளிப்பட்டதும் காரணமும் சேர்ந்து வெளிப்பட்டது. பழுப்பாக மினுமினுக்கிற மண் பைப், ஒவ்வொன்றும் இரண்டடி நீளம். அப்படியென்றால் இரண்டடிக்கு ஓர் இணைப்பு, ஒவ்வோர் இணைப்பிலும் சணலைச் சுற்றிச் சிமெண்ட் கலவை. மரத்தடியில் இருந்த இணைப்புகளில் கலவை பிளந்து, அந்தப் பிளவுகளைச் சுற்றி மட்டும் சல்லிவேர் பின்னிக் கிடந்தது. அங்கிருந்து தள்ளிப்போனால் பைப் சுத்தம்.

அதே பள்ளத்தில் புதுப் பைப்பைப் போடலாம் என்று பிளம்பர் சொன்னார். நான் ஒப்பவில்லை. அதற்குக் கட்டைவிரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர்களைத் தூருக்குப் பக்கத்தில் அறுக்க வேண்டிவரும். மரத்தின் ஒரு பக்கப் பிடிப்பை எடுத்துவிட்டு ஐப்பசிக் காற்றுக்கு விடுவது, மரத்தை வெட்டுவதைவிட மோசம். மதிலை ஒட்டி லைனைச் சுற்றிக் கொண்டுபோனோம். நீளம் கூடியதால் வாட்டம், அதாவது சரிவுதான் கவலை. 110 மில்லிமீட்டர் பைப்புக்கு அறுபதடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும். எங்கள் நாற்பதடிக்கு எட்டங்குலம் இறங்க வேண்டும், டேங்க் வாய் அதைவிடத் தாழ்வாகத்தான் இருந்தது. கொத்தனார் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். கண்மதிப்பில் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாட்டம் குறைந்தால் மலம் தங்கும், பிறகு வேரே இல்லாமல் அடைக்கும்.

திரும்புகிற இடத்தில் நேர் முழங்கை போடாமல் நாற்பத்தைந்து பாகை வளைவு இரண்டு, நடுவே திறந்து குத்த வசதியாக ஒரு புதுச் சேம்பர். பைப் இருபதடி நீளம் என்பதால் இணைப்புகள் சொற்பம், அத்தனையும் பசை போட்டு ஒட்டியவை. பள்ளத்தில் மணல் பரப்பி அதன்மேல்தான் பைப்பைக் கிடத்தினோம். உடைத்தெடுத்த செம்புறாங்கல் துண்டுகளை நேராக மேலே கொட்டினால் கூர்முனை பைப்பைக் குத்தும். மூடுவதற்கு முன் கீழ்வாயை அடைத்து, தண்ணீர் நிரப்பி, இரவு முழுக்க விட்டோம். காலையில் மட்டம் இறங்கவில்லை. பழைய லைனின் இரண்டு வாயையும் கலவை வைத்து அடைத்துவிட்டோம், இல்லாவிட்டால் எலிக்கு ராஜபாட்டைதான்.

பள்ளம் திறந்திருக்கும்போதே வளவு மழைத்தண்ணீரையும் இதில் சேர்த்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. கூடவே கூடாது. ஒரு நல்ல மழைக்கு டேங்க் கலங்கி, கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் அதையும் அடைத்துவிடும். முன்னோர்கள் வைத்த வாய்க்கால் இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது.

செலவைப் பங்குப்படி பிரித்தோம். அதில் யாரும் முணுமுணுக்கவில்லை, மயில்துத்தம் சொன்ன அண்ணனைத் தவிர. புது லைன் எங்கே போகிறது, எந்தச் சேம்பர் எந்த மூலையில் என்று படம் வரைந்து குரூப்பில் போட்டதோடு, ஒரு நகலை மீட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியும் வைத்திருக்கிறேன். கிழக்குப் பக்கக் குளியலறை லைன் இன்னும் பழைய மண் பைப்தான். அதன்மேல் மரம் இல்லை, அடுத்த படைப்புக்கு முன் பார்க்கலாம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். அதுவரை மாசம் ஒருமுறை அந்தச் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்க்கும்படி, வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.