மறதியை அளந்தவர்

'படித்ததில் எழுபது விழுக்காட்டை ஒரே நாளில் மறந்துவிடுகிறோம்' என்ற வரியை, சறுக்குமரம் போல் இறங்கும் ஒரு வளைகோட்டுடன் இணையத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் மூலத்தைத் தேடிப் போனபோதுதான், அந்தக் கோடு சொல்லும் செய்தியே வேறு என்று தெரிந்தது.

ஜெர்மானிய உளவியலாளரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் நினைவாற்றலைப் பற்றி வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆராய்ந்தவரும் ஆராயப்பட்டவரும் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகளை ஏறத்தாழ 2,300 உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாகப் பிழையின்றி ஒப்பிக்க வரும்வரை உருப்போட்டு, அதற்கு ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டார். சில காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் உருப்போட்டு, முதல்முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். இருபது நிமிடம் கழித்துப் படித்தபோது 58 விழுக்காடு மிச்சம். ஒரு நாள் கழித்து சுமார் 34. ஆக, இந்த 34 என்பது நினைவில் தங்கிய அசைகளின் கணக்கன்று, மிச்சமான உழைப்பின் கணக்கு. ஓர் அசைகூட நினைவுக்கு வராதபோதும், மறுபடி படிக்கையில் நேரம் மிச்சமாகக்கூடும். மேலும், முதல் நாளில் அவ்வளவு வேகமாகச் சரியும் கோடு, ஆறாம் நாளிலிருந்து 31-ஆம் நாள்வரை 25-இலிருந்து 21-க்குத்தான் இறங்குகிறது. பயமுறுத்தும் படங்களில் இந்தப் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அதே நூலில் எனக்கு இன்னும் பிடித்தது வேறொரு கணக்கு: ஒரே நாளில் 68 முறை சொல்லிக் கிடைத்த பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை சொல்லியே அவர் பெற்றுவிட்டார். இப்படி இடைவெளி விட்டுப் படிப்பதைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சியாக, போலந்து மாணவர் பியோட்டர் வோஸ்னியாக் 1987-இல் 'சூப்பர்மெமோ' என்ற மென்பொருளை எழுதினார். 2006-இல் அதே வேலையைச் செய்யும் 'அன்கி' என்ற மென்பொருள் வந்தது.

அன்கியில் நான் மலையாளச் சொற்களைப் படித்து வருகிறேன்; ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை, பொருளை நான் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை சில நாட்கள், பிறகு சில வாரங்கள் எனத் தள்ளிப்போகிறது. தவறினால் உடனே திரும்பி வருகிறது. எளிதாக இருக்கும் என்று நினைத்த சொற்களே என்னை அதிகம் படுத்துகின்றன. 'தாமசிக்குக' என்றால் குடியிருத்தல். என் தமிழ்க் காதிலோ அது 'தாமதம்' என்றே விழுகிறது. பேருந்தில் நின்றபடி இன்று காலையும் தவறாகச் சொன்னேன், அட்டை பத்தே நிமிடத்தில் மறுபடி வந்து நின்றது.